கொட்டப்பெட்டிக்குள்ளை ஒரு கமரா

வா மருமோன், வா. உந்தக் கதிரையிலை இரு. பையை நிலத்திலை வைக்காதை, மணல் ஏறும். மேசையிலை வை. மெல்ல வை. அது உன்ரை மாமி சீதனமாய்க் கொண்டந்த மேசை; கால் முறிஞ்சால் நாப்பது வருசத்துக் கணக்கை எனக்குத் திரும்ப முதலிலை இருந்து வாசிப்பாள்.

நேற்றுப் பின்னேரம் நீ உந்தச் சாமானைக் கழுத்திலை தொங்கவிட்டுக்கொண்டு வேதசாட்சிகளின் இராக்கினி கோயிலடியாலை நடந்து வந்தாய் பார், தோட்டவெளி முழுக்க இப்ப அதுதான் கதை. முன்வீட்டுக் கிழவி, காற்றாலைக்குக் காணி அளக்க ஆள் வந்திட்டுது எண்டு நினைச்சு வேலிக்குள்ளாலை எட்டிப் பார்த்திட்டு, கோழியளையும் பிடிச்சுக் கூட்டுக்குள்ளை விட்டிட்டாள். நான்தான் சொன்னன், "இல்லையணை, அது எங்கடை பெடியன், படம் எடுக்கிறான்" எண்டு. "படம் எடுக்க ஏன்ரா இறைக்கிற மிசின்ரை குழாய்?" எண்டு கேட்டாள். எனக்கு மறுமொழி வரேல்லை.

ஆலோசனை கேக்க வந்தனான் எண்டு சொல்லுறாய். வாங்கிப்போட்டு வந்து ஆலோசனை கேக்கிறது எங்கடை பரம்பரைப் பழக்கம்தான், நான் குறை சொல்லேல்லை. உன்ரை கொப்பரும் மாட்டை வாங்கிக் கட்டையிலை கட்டின பிறகுதான் பல்லைப் பிடிச்சுப் பார்க்க என்னைக் கூப்பிட்டவர். ஒரு வள்ளத்து எஞ்சின்ரை விலை முடிஞ்சுது எண்டு நீதான் வாயாலை சொன்னாய். இனி நான் பல்லைப் பார்த்து என்ன செய்ய? சரி, வாயைத் திற, பார்ப்பம்.

முதல் உதின்ரை பேர். மிரர்லெஸ். கண்ணாடி இல்லாதது. அதைச் சொல்லேக்கை உன்ரை நெஞ்சு ரெண்டு அங்குலம் முன்னுக்கு வருது. கண்ணாடி இல்லாத சலூன் எண்டு ஒருத்தன் போட் எழுதித் தொங்கவிட்டால் அதுக்குள்ளை போய்த் தலையைக் குடுப்பியோ?

பகிடி கிடக்கட்டும். எனக்கு உது விளங்கும். மன்னார் பசாரிலை ஒரு ஸ்ரூடியோவிலை ஒன்பது வருசம் இருட்டறைக்குள்ளை நிண்டவன் நான். உனக்குத் தெரியாது, ஏனெண்டால் நீ ஒருநாளும் கேக்கேல்லை. முந்தின பெரிய கமராவுக்குள்ளை ஒரு கண்ணாடி சரிவாய் நிக்கும். லென்ஸாலை வாற வெளிச்சத்தை மேலை தூக்கி எடுக்கிறவன்ரை கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அமத்தினால் டக்கெண்டு எழும்பி வழி விடும், வெளிச்சம் பிலிமிலை விழும், திரும்ப டக்கெண்டு கீழை வரும். பூசை நேரத்திலை அந்தச் சத்தத்துக்குப் பாதர் பீடத்திலை இருந்து திரும்பிப் பார்ப்பார். 2008இலை பனசோனிக் கம்பனி அந்தக் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு ஜி1 எண்டு ஒரு கமரா விட்டுது. லென்ஸ் மாத்தலாம், ஆனால் உள்ளுக்குக் கண்ணாடி இல்லை. சென்சார் நேராய்ப் பார்க்கும். அது கண்டதை ஒரு குட்டித் திரையிலை உனக்குக் காட்டும். இப்ப நிக்கோனும் கனனும்கூட அந்த வழிதான். கண்ணாடி போனதாலை உடம்பு மெலிஞ்சுது. அவ்வளவுதான் புதினம்.

அப்ப என்ரை கமராவை நினைச்சுப் பார். மகள் 2013இலை லண்டனிலை இருந்து அனுப்பினது. கொட்டப்பெட்டிக்குள்ளை வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, அதுக்குப் பக்கத்திலை அது கிடக்கும். அதுக்குள்ளை கண்ணாடி இருக்கோ? இல்லை. பிறந்த அண்டே இல்லை. என்ரையும் மிரர்லெஸ்தான் மருமோன். நான் கோயிலடியாலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரியேல்லை, அவ்வளவுதான்.

உனக்குப் பெருமைப்பட வேற இடம் இருக்கு. அதை நீ விட்டிட்டாய். உன்ரை சோனி ஏ7 III-இலை 24 மெகாபிக்சல், என்ரையிலை 20 எண்டு ஒப்பிடுறாய். நாலு கூடக் கிடக்கெண்டு காசு குடுத்தனி எண்டால் கடைக்காரன் உனக்கு வடிவாய்த் தலை தடவியிருக்கிறான். வித்தியாசம் அதிலை இல்லை. உன்ரை சென்சார் கிட்டத்தட்ட 36 மில்லிமீற்றர் நீளம், 24 அகலம். என்ரை 13.2க்கு 8.8. பெருக்கிப் பார், 864க்கு 116. ஏழு மடங்குக்கு மேலை. சென்சாரை வலை எண்டு வை: ரெண்டு வலையிலையும் கிட்டத்தட்ட ஒரே தொகைக் கண்தான். ஆனால் உன்ரை வலை விரிஞ்சு கிடக்கு, ஒவ்வொரு கண்ணும் பெரிசு. கடலிலை கண் பெரிசெண்டால் மீன் ஓடிப்போகும். இஞ்ச மாறி, கண் பெரிசானால்தான் வெளிச்சம் கூடப் பிடிபடும். உதாரணம் கொஞ்சம் பிசகுதுதான். வாயைச் சுளிக்காதை, விசயம் விளங்கினால் சரி.

என்ரையை ஒரு அங்குல சென்சார் எண்டு சொல்லி விக்கிறாங்கள், அதையும் கேள். கோலை வைச்சு அளந்தால் நீளப்பக்கமே அரை அங்குலம் சொச்சம்தான். பழைய வீடியோக் கமராவிலை இருந்த கண்ணாடிக் குழாயின்ரை வெளி அளவைப் பேராய்த் தூக்கி வைச்சிருக்கிறாங்கள். கருவாட்டை ஈரத்தோடை நிறுத்து விக்கிறவன் பேசாலையிலை மட்டும்தான் எண்டு நான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன்.

மத்தியான வெய்யிலுக்குத் தாழ்வுபாட்டுக் கரையிலை நானும் நீயும் பக்கத்திலை நிண்டு ஒரே வள்ளத்தை எடுத்து, போனிலை போட்டுப் பார்த்தால் எது ஆற்றை படம் எண்டு உன்னாலையே சொல்லேலாது. அந்த நேரம் வெளிச்சம் சூடை மீன் மாதிரி, அள்ள அள்ள வரும். வீச்சுவலையே காணும். பொழுதுபட்டு, மெழுகுதிரி வெளிச்சத்திலை செபமாலை சொல்லுற முகங்களை எடுக்க வேணுமெண்டால்தான் உன்ரை கரைவலை தேவைப்படும். என்ரையிலை அந்த நேரம் முகமெல்லாம் ரவை தூவின மாதிரி வரும். ஒத்துக்கொள்ளுறன். இன்னொண்டும் ஒத்துக்கொள்ளுறன்: என்ரையிலை கண்ணை வைச்சுப் பார்க்க ஓட்டை இல்லை, முதுகிலை இருக்கிற திரை மட்டும்தான். மன்னார் வெய்யிலுக்கு அந்தத் திரை கறுத்துப்போகும். துவாயைத் தலையோடை போட்டு மூடிக்கொண்டு குத்துமதிப்பிலை எடுப்பன். பாதிப் படத்திலை என்ரை பெருவிரலும் நிக்கும். மகள் அதை "அப்பான்ரை முத்திரை" எண்டு சொல்லுவாள்.

பாரத்துக்கு வருவம். உன்ரை கமராவின்ரை உடம்பு 650 கிராம். அதிலை பூட்டியிருக்கிற 200–600 லென்ஸ் 2,115 கிராம். ரெண்டும் சேர்ந்து ரெண்டே முக்கால் கிலோ. சந்தையிலை நல்ல பாரை ஒண்டு. என்ரை சாதிக் கமராவிலை ஆர்எக்ஸ்100 எண்டு 2012இலை வந்ததை எடு, பற்றரியோடை 240 கிராம். ஒரு பிடி கீரிமீன். நீ பாரையைக் கழுத்திலை கட்டிக்கொண்டு தலைமன்னார் வரைக்கும் மோட்டச்சைக்கிளிலை போறாய். எதிர்காற்று வேற. நாளைக்குக் கழுத்து நோ எண்டு எண்ணெய் பூச என்னட்டை வராதை.

வங்காலைக்குப் போனது நல்ல வேலை. அதிலை நான் உன்னை நக்கலடிக்கேல்லை. 4,839 ஹெக்ரயர் அந்தச் சரணாலயம், 2010இலை ராம்சார் பட்டியலிலையும் சேர்த்தது. மாரி துடங்கப் பூநாரையள் வந்து சேத்துத் தண்ணிக்குள்ளை இறங்கும், ஆனால் ஆள் கிட்டப் போக விடாதுகள். நான் போன வருசம் அதே குட்டிக் கமராவாலை, எட்டுமட்டும் இழுத்து, நூறு மில்லிமீற்றரிலை எடுத்தன். படத்தைப் பார்த்த உன்ரை மாமி, "ஆர் இறால் காயப்போட்டது?" எண்டு கேட்டாள். அவள் சொன்னதும் முழுப் பிழை இல்லை. கூனியையும் பாசியையும் திண்டுதான் அதுகளுக்கு அந்தச் சிவப்பு ஏறுறது. நீ 600இலை எடுத்த படத்திலை அந்தப் பறவையின்ரை மஞ்சக் கண் தெரியுது, சொண்டாலை வடியுற தண்ணி தெரியுது. அதைப் பார்த்திட்டு நான் வாயை மூடினன். மாமி சாட்சி. நான் வாய் மூடின நாளை அவள் கலண்டரிலை குறிச்சு வைச்சிருக்கிறாள்.

அங்கையே நிப்பாட்டியிருக்கலாம். நீ அதே குழாயைக் கொண்டு பள்ளிமுனைப் பெருக்கமரத்தடிக்குப் போனாய்.

என்ன மரம் அது! சுற்றளவு 19 மீற்றருக்கு மேலை. அரபு வியாபாரியள் ஆபிரிக்காவிலை இருந்து கொண்டந்து நட்டது எண்டு சொல்லுவினம். உயரம் ஏழு எட்டு மீற்றர்தான், எல்லாம் இடுப்பிலை போட்டுது. உன்ரை மாமாவைப் போலை எண்டு நீ மனதுக்குள்ளை சொல்லுறது கேக்குது. அதுக்கு முன்னாலை நிண்டு உந்த லென்ஸாலை பார்த்தியே, என்ன தெரிஞ்சுது? பட்டை. வலப்பக்கம் திருப்பினாய், பட்டை. இடப்பக்கம், அதுவும் பட்டை. உந்த லென்ஸ் 200க்குக் கீழை இறங்காது. அந்த மரத்தை அதுக்குள்ளை அடக்க வேணுமெண்டால் ஐம்பது அறுபது மீற்றர் பின்னுக்குப் போக வேணும். போனாய். ஒரு வேலி தாண்டினாய், ஒரு கிடுகுக் கொட்டிலைச் சுத்தினாய், ஒரு கழுதையின்ரை பின்னங்காலிலை முட்டப் பார்த்தாய். நாயின்ரை பூனையின்ரை கண்ணைத் தானாய்த் தேடிப் பிடிக்கும் எண்டு புளுகினியே, அண்டைக்கு அது மன்னார்க் கழுதையின்ரை கண்ணைப் பிடிச்சிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். கடைசியிலை என்னட்டை வந்து, தலையைச் சொறிஞ்சுகொண்டு, "அம்மான், உங்கடை சின்னதை ஒருக்காத் தாங்கோவன்" எண்டாய். நான் தந்தன். எட்டு மீற்றரிலை நிண்டு, மரம் முழுக்க, உச்சிக் கொப்போடை எடுத்தாய்.

"வேற லென்ஸ் பையுக்குள்ளை கிடந்தது, மாத்தியிருக்கலாம்" எண்டு இப்ப சொல்லுறாய். ஏன் மாத்தேல்லை? காற்று அடிச்சுக்கொண்டிருந்தது. இந்தத் தீவின்ரை காற்றைப் பார்த்துத்தானே மின்சார சபை தம்பபவனி எண்டு பேர் வைச்சு கடற்கரையிலை 30 காற்றாடி நட்டது? அந்தக் காற்றுக்குள்ளை, உப்பும் மணலும் பறக்கேக்கை, நீ லென்ஸைக் கழட்டினால் உள்ளுக்கு இருக்கிற சென்சார் வாயைத் திறந்துகொண்டு நிக்கும். முந்தியதிலை எண்டால் முன்னாலை அந்தக் கண்ணாடியாவது மறைச்சு நிண்டது. நீ பெருமையாய்க் கழட்டி எறிஞ்ச அதே கண்ணாடி. நீ கழட்டாமல் விட்டது புத்தி. அந்தப் புத்தி வாங்கேக்கை எங்கை போச்சுது எண்டுதான் கேக்கிறன்.

சின்னதுக்கு மணல் போகாது எண்டு நான் பொய் சொல்ல மாட்டன். மூண்டு வருசத்துக்கு முதல் ஓலைத்தொடுவாய்க் கரையிலை நான் வலை இழுக்கிறதைப் பார்த்து வாய் பிளந்து நிக்க, அது கையிலை இருந்து நழுவி மணலிலை குப்புற விழுந்தது. மூக்கு வெளியிலை நீண்டபடி. அதுக்குப் பிறகு மூக்கை நீட்டேக்கை எனக்கு முழங்கால் நோகிற மாதிரி நறநறக்கும். உள்ளுக்கு ஒரு தூசி போயும் இருந்திட்டுது. அந்தத் தூசியை ஞாபகத்திலை வைச்சிரு, பிறகு வருவம்.

நீ அடிக்கடி சொல்லுற இன்னொரு சொல் இருக்கு. ஃபுல் பிரேம். முழு அளவு. கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். 1925இலை ஜேர்மனியிலை லைக்கா எண்டு ஒரு கமரா கடைக்கு வந்தது. சினிமாப் பிலிமை எடுத்து, அதிலை 24க்கு 36 மில்லிமீற்றர் அளவிலை படம் பிடிக்கிறது. அந்தக் காலத்துப் பெரிய ஆக்கள் கண்ணாடித் தட்டிலை, உள்ளங்கை அகலத்துக்கு, முக்காலியிலை பெட்டியை ஏத்தி, தலையிலை கறுப்புத் துணி மூடி எடுத்தவை. அவை லைக்காவைப் பார்த்து விளையாட்டுச் சாமான் எண்டு சிரிச்சவை. குட்டிக் கமரா எண்டுதான் அதுக்குப் பேர். அந்தக் குட்டியின்ரை அளவுதான் மருமோன் உன்ரை முழு அளவு. ஒரு மில்லிமீற்றரும் கூட இல்லை, குறையவும் இல்லை. எங்கடை கொழும்பு லயனல் வென்ட் அந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு திரிஞ்ச மனுசன். 1938இலை லைக்காக் கம்பனியே லண்டனிலை அவருக்குத் தனிக் கண்காட்சி வைச்சது. அதை ஸ்ரூடியோ முதலாளி எனக்குச் சொல்லேக்கை நான் தண்ணிக்குள்ளை பிரிண்ட் அலசிக்கொண்டு நிண்டனான். அப்ப பெரிசு எண்டால் எது, சின்னன் எண்டால் எது எண்டு எனக்குக் கேக்காதை. ஆர் பக்கத்திலை நிக்கினம் எண்டு பார்த்துத்தான் சொல்லலாம். நான் குட்டை எண்டு உன்ரை மாமி சொல்லுறதும் அவளின்ரை தமையன்மாரோடை நிக்க வைச்சுப் பார்த்துத்தான்.

போன் இருக்கேக்கை ரெண்டும் எதுக்கு எண்டு உன்ரை தங்கச்சி கேக்கிறாள். நல்ல கேள்வி. 2008இலை என்ரை சாதிக் குட்டிக் கமரா உலகம் முழுக்க ஏறக்குறைய பதினொரு கோடி கம்பனியளிலை இருந்து போனது. 2023இலை இருபது லட்சமும் தேறேல்லை. போன் விழுங்கிப்போட்டுது. ஆனால் நான் போனாலை படம் எடுக்க நிமித்தினால் லண்டனிலை இருந்து மகள் கூப்பிடுவாள். மீனும் போயிடும், வெளிச்சமும் போயிடும், சாப்பிட்டீங்களோ எண்ட கேள்வி மட்டும் மிஞ்சும். கமரா ஆரையும் கூப்பிடாது.

இனி நீ செய்யப் போற தொழில். கல்யாண வீடு. இதிலை மட்டும் நான் விளையாடேல்லை. கோயிலுக்குள்ளை வெளிச்சம் குறைவு, தாலி கட்டுறது ஒருக்காத்தான். உன்ரை கமராவிலை மெமரி காட் ரெண்டு போடலாம். ஒரே படம் ரெண்டிலையும் விழும். ஒண்டு செத்தால் மற்றது இருக்கும். என்ரையிலை ஒண்டுதான். காட் பழுதாப்போச்சு, திரும்ப ஒருக்காக் கட்டுங்கோ எண்டு மாப்பிளையிட்டைச் சொல்ல ஏலுமோ? சில மாப்பிளைமார் ஓடியே போயிடுவினம். தொழிலுக்கு உது வேணும். காசு வாங்கிறவன் சாமான் சரியாய் வைச்சிருக்க வேணும். இன்னொண்டும் இருக்கு, நீ வாயாலை சொல்லாதது: குட்டிக் கமராவோடை போனால் பொம்பிளை வீட்டுக்காரர் உன்னைக் கடைசிப் பந்தியிலைதான் இருத்துவினம். பெரிசைத் தூக்கிக்கொண்டு போனால் முதல் பந்தி, பொரிச்ச மீன் நடுத்துண்டு. உந்த விலையிலை பாதி அந்த நடுத்துண்டுக்குத்தான். பிழை எண்டு சொல்லேல்லை. எனக்கும் நடுத்துண்டு விருப்பம். ஆனால் கல்யாணத்துக்குப் பூநாரைக் குழாயோடை போகாதை. அந்தக் காசுக்கு 35இலோ 50இலோ வாய் அகண்ட சின்ன லென்ஸ் ஒண்டு வாங்கியிருந்தால் மிச்சத்துக்கு வள்ளத்து எஞ்சினையும் பழுது பார்த்திருக்கலாம். இப்பவும் பிந்தேல்லை, குழாயை வித்தால் நல்ல விலை போகும். மாரி முடியமட்டும் வைச்சிரு, வங்காலைக்கு என்னையும் ஏத்திக்கொண்டு போ, பிறகு வில்.

இப்ப அந்தத் தூசிக்கு வருவம்.

பேசாலையிலை கருவாடு காயப்போடுற ஆச்சியின்ரை படம். நீ பேஸ்புக்கிலை போட்டது. வாய் நிறைய வெத்திலை, கையிலை உப்புக் கொட்டின கட்டா, கண்ணை இடுக்கிக்கொண்டு சிரிக்கிறா. எத்தினை பேர் விருப்பம் போட்டிருக்கினம்! "சோனி ஏ7 III, 200–600" எண்டு கீழை எழுதியும் விட்டிருக்கிறாய். மகள் லண்டனிலை இருந்து எனக்கு அனுப்பினாள், "அப்பா, மச்சான் எப்பிடிக் கெட்டிக்காரனாகிட்டான் பாருங்கோ" எண்டு. பார்த்தன். மூக்குக்கண்ணாடி போட்டும் பார்த்தன்.

அந்த ஆச்சியை எனக்குத் தெரியும். மூண்டு கிலோச் சாமானை முகத்துக்கு நேரை நீட்டினால் சீலைத் தலைப்பாலை வாயை மூடிக்கொண்டு, "போடா அங்காலை, எங்களை வித்துத்தான் நீ தின்ன வேணுமோ" எண்டு ஏசுற மனுசி. கேள்வி கேக்கிறவனும் எழுதிறவனும் பெரிய கமராவோடை வந்து போனதைக் கன வருசமாய்க் கண்டவ. சின்னதை உள்ளங்கையிலை வைச்சிருந்தால், "உதென்ன தம்பி, ரோச்சோ?" எண்டு கேட்டுச் சிரிப்பா. அந்தச் சிரிப்புத்தான் உன்ரை படத்திலை கிடக்கு. பிறகு வானத்தைப் பார்த்தன். வலப்பக்க மேல் மூலையிலை, ஆச்சியின்ரை பந்தலுக்கு மேலை, ஒரு சாம்பல் புள்ளி. ஓலைத்தொடுவாய் மணல் அது. மூண்டு வருசமாய் நான் எடுக்கிற வானத்திலையெல்லாம் அது அந்த இடத்திலைதான் இருக்கும். பெருக்கமரத்தடியிலை "ஒருக்கா" எண்டு வாங்கின கமரா இண்டைக்குப் பன்னிரண்டு நாளாய் உன்னட்டை.

முழிக்காதை. தேத்தண்ணி ஆறுது, குடி. நான் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை, மாமியைத் தவிர. மாமி சொன்ன ஆக்களுக்கு நான் பொறுப்பில்லை.

மடுத் திருவிழா ஆவணி 15. கூட்டத்துக்குள்ளை எனக்கு இடுப்பிலை செருகிக்கொண்டு போக அது வேணும். அதுக்கு முதல் கொண்டந்து தா. பற்றரியை மறந்திடாதை. புள்ளியைத் துடைக்கிறன் எண்டு உள்ளுக்குக் கழட்டி ஒண்டும் செய்யாதை, அப்பிடியே தா.